நில எடுப்பு இழப்பீடு: 6 வாரக் கெடுவை அறிவோம்

சாலை அகலப்படுத்த, ரயில் பாதை போட என்று நிலம் எடுக்கும்போது முதலில் அடிபடுவது சாலையோரத்துக் கடைகளும் கிடங்குகளும்தான். பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம். தொகை போதாது என்று கேட்க வேண்டிய நாளை மட்டும் கோட்டை விட்டுவிடுகிறோம்.

கலெக்டர் இழப்பீட்டை நிர்ணயித்துப் பிறப்பிக்கும் உத்தரவே அவார்டு. அளவு தவறு, தொகை குறைவு, பங்கு பிரித்தது சரியில்லை என்றால், 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 64ஆவது பிரிவின்படி கலெக்டருக்கே காரணங்களைக் காட்டி மனுக் கொடுத்து, ஆணையத்தின் முடிவுக்கு அனுப்பும்படி கேட்கலாம். அவார்டின்போது நாமோ நம் பிரதிநிதியோ ஆஜராகியிருந்தால் அன்றிலிருந்து 6 வாரம். இல்லையேல் நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 6 வாரம் அல்லது அவார்டு தேதியிலிருந்து 6 மாதம், எது முந்துகிறதோ அது.

6 வாரம் என்பது 42 நாள். ஒன்றரை மாதம் என்று குத்துமதிப்பாகக் கணக்குப் போடக் கூடாது. ஏப்ரல் 20ஆம் தேதி நோட்டீஸை வாங்கினால் ஜூன் 1 கடைசி நாள். ஆகவே நோட்டீஸ் உறையைக் கிழித்து எறிய வேண்டாம்; வந்த தேதியை அதன்மேலேயே குறித்து வையுங்கள். தக்க காரணம் காட்டினால் மேலும் ஓராண்டுக்குள் வரும் மனுவைக் கலெக்டர் ஏற்கலாம். ஆனால் அது அவர் திருப்தியைப் பொறுத்தது.

அவார்டு பற்றித் தெரியவே இல்லையென்றால்? ராஜா ஹரிஷ் சந்திர ராஜ் சிங் வழக்கில் 1961இல் உச்ச நீதிமன்றம், அவார்டு தேதி என்பது சம்பந்தப்பட்டவருக்கு அது தெரிவிக்கப்பட்ட அல்லது தெரிந்த நாளே என்றது. பழைய 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு அது.

கெடுவைவிடப் பலரைக் கவிழ்ப்பது கையெழுத்து. 77ஆவது பிரிவின்படி, ஆட்சேபணை தெரிவிக்காமல் பணத்தை வாங்கியவர் 64இன் கீழ் மனுச் செய்ய முடியாது. காசோலையை மறுக்க வேண்டியதில்லை. “ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்” என்று ரசீதில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும்.

மனுவே போடாதவருக்கும் ஒரு வாசல் உண்டு. அதே அறிவிக்கையில் நிலம் இழந்த பக்கத்துக் கடைக்காரர் ஆணையத்தில் கூடுதல் தொகை பெற்றால், அந்தத் தீர்ப்பிலிருந்து 3 மாதத்துக்குள் 73ஆவது பிரிவின் கீழ் நாமும் கேட்கலாம்.

தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்தால் வழி வேறு. அங்கே நடுவரிடம் போக வேண்டும். ஆகையால் நோட்டீஸ் வந்ததும் அதன் தலைப்பில் எந்தச் சட்டம் என்று முதலில் பாருங்கள்.