தரை நனைந்தால் யார் குற்றம்?

திருத்த முடியாத ஒருவரைப் பற்றிப் பேசும்போது, "நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நாயின் வாலை நிமிர்த்த முடியாமல் போகலாம். ஆனால், அதன் பழக்கத்தை மாற்ற முடியும். அதற்கு முதலில் நாம் நாயைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நாய் வளர்க்கத் தொடங்கும் பல குடும்பங்கள் எதிர்நோக்கும் முதல் சிக்கல், அது வீட்டிற்குள்ளேயே சிறுநீரும் மலமும் கழிப்பதுதான். அடுக்குமாடி வீட்டில் இச்சிக்கல் இன்னும் பெரிதாகத் தெரியும். தரை வழுக்கும், வாடை வீடு முழுவதும் பரவும், வீட்டில் உள்ளவர்களிடையே வாக்குவாதம் எழும். "அது வேண்டுமென்றே செய்கிறது", "தனியே விட்டுச் சென்றதற்காகப் பழிவாங்குகிறது" என்று சிலர் கூறுவர். இறுதியில், ஆசையோடு கொண்டுவந்த நாயை வேறொருவரிடம் கொடுத்துவிடும் குடும்பங்களும் உண்டு. நாய் உண்மையிலேயே வேண்டுமென்றுதான் அப்படிச் செய்கிறதா?

எது வீடு, எது கழிப்பிடம் என்பது நாய்க்குப் பிறவியிலேயே தெரிந்திருப்பதில்லை. தான் உறங்கும் இடத்தை அசுத்தப்படுத்தக்கூடாது என்னும் இயல்பு மட்டுமே அதற்கு உண்டு. படுக்கைக்கு அப்பால் உள்ள வரவேற்பறையும் சமையலறையும் அதற்கு 'வெளியிடம்' போலவே தோன்றும். மேலும், குட்டிப் பருவத்தில் எந்தப் பரப்பில் பழகியதோ, அதையே அது பின்னரும் தேடும். புல்லில் பழகிய நாய் புல்லைத் தேடும். செய்தித்தாளில் பழகிய நாய் தாளைத் தேடும்.

சிங்கப்பூரில் உள்ள உள்ளூர்க் கலப்பின நாய்களைச் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று அழைக்கிறார்கள். அவற்றுள் பல, தெருவிலும் தொழிற்பேட்டைகளிலும் பிறந்தவை. 2012ஆம் ஆண்டில் தொடங்கிய 'அடோர்' திட்டம், இத்தகைய நாய்களை வீவக வீடுகளில் வளர்க்க வழிவகுத்தது. மண்ணிலும் புல்லிலும் வாழ்ந்த நாய் ஒன்று, முதன்முறையாக மின்தூக்கியில் ஏறிப் பன்னிரண்டாம் மாடிக்கு வருவதை எண்ணிப் பாருங்கள். வழுவழுப்பான தரையும் மூடிய கதவும் அதற்குப் புதியவை. எங்கே கழிக்க வேண்டும் என்று யாரும் அதற்கு இன்னும் கற்றுத் தரவில்லை.

"நான் வீட்டிற்குள் நுழைந்ததும் அது தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்குகிறதே! தவறு செய்தது அதற்குத் தெரியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நாய்கள் எவ்வாறு சிந்திக்கின்றன என்பதை நியூயார்க்கில் ஆராய்ந்துவரும் அலெக்சாண்ட்ரா ஹாரோவிட்ஸ், இதே கேள்விக்கு விடை தேடினார். அவரது ஆய்வு 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் 14 நாய்கள் பங்கேற்றன. உரிமையாளர் தின்பண்டம் ஒன்றைக் காட்டி, அதைத் தின்னக்கூடாது என்று கட்டளையிட்டுவிட்டு அறையைவிட்டு வெளியேறுவார். திரும்பி வரும்போது, நாய் அதைத் தின்றதா இல்லையா என்று அவரிடம் கூறப்படும். சில வேளைகளில் அது உண்மையாக இருக்கும். சில வேளைகளில் பொய்யாக இருக்கும். தின்றதாகக் கேள்விப்பட்ட உரிமையாளர் நாயைத் திட்டுவார்.

முடிவு வியப்பளித்தது. திட்டு வாங்கிய நாய்களே அந்தக் 'குற்றவாளிப் பார்வையை' அதிகம் காட்டின. அவை தின்றனவா இல்லையா என்பதால் எந்த வேறுபாடும் ஏற்படவில்லை. சொல்லப்போனால், கட்டளைக்குப் பணிந்து தின்னாமல் இருந்த நாய்கள்தாம் திட்டு வாங்கியபோது அப்பார்வையை மேலும் தெளிவாகக் காட்டின. ஆக, நாம் குற்றவுணர்வு என்று நினைப்பது நமது கோபத்திற்கு நாய் காட்டும் எதிர்வினையே.

எனவே, நாம் இல்லாத நேரத்தில் நடந்ததற்கு நாயைத் திட்டுவதாலோ, அதன் மூக்கை ஈரத்தில் தேய்ப்பதாலோ பயனில்லை. எதற்காகத் தண்டிக்கப்படுகிறோம் என்பது அதற்கு விளங்காது. மனிதர் முன்னிலையில் கழிப்பது ஆபத்து என்பதை மட்டுமே அது கற்றுக்கொள்ளும். பிறகு நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்து கழிக்கும். வெளியே அழைத்துச் சென்றாலும் நம் எதிரில் கழிக்கத் தயங்கும்.

அப்படியென்றால், எவ்வாறு பழக்குவது? முதலாவது, நேரம். தூங்கி எழுந்ததும், உணவு உண்ட பிறகும், விளையாடி முடித்ததும், இரவு உறங்கும் முன்பும் நாயைக் கழிப்பிடத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். இரண்டு மாதக் குட்டியால் பகலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு மேல் அடக்கிவைக்க இயலாது. தடுப்பூசிகள் முடியாத குட்டியைப் பிற நாய்கள் நடமாடும் புல்தரைக்குக் கொண்டுசெல்லாமல், வீட்டில் ஒரே இடத்தில் தாள் விரித்த தட்டை வைத்துப் பழக்கலாம்.

இரண்டாவது, பாராட்டு. சரியான இடத்தில் கழித்து முடித்த அந்த நொடியிலேயே, அங்கேயே ஒரு சிறு தின்பண்டம் கொடுக்க வேண்டும். வீடு திரும்பிய பின் கொடுத்தால், வீடு திரும்பியதற்கான பரிசு என்றே அது எண்ணிக்கொள்ளும்.

மூன்றாவது, கவனிப்பு. நாய் தரையை மோப்பம் பிடித்தபடி வட்டமிட்டால், உடனே கழிப்பிடத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். அதைக் கவனிக்க முடியாத சிறிது நேரத்திற்கு, படுக்கையுடன் கூடிய சிறு தடுப்பிற்குள் விடலாம்.

நான்காவது, துப்புரவு. வாடை எஞ்சியிருந்தால் நாய் மீண்டும் அதே இடத்தைத் தேடிவரும். நொதி கலந்த துப்புரவுத் திரவம் அவ்வாடையை நீக்க உதவும். அம்மோனியா கலந்தவற்றைத் தவிர்க்க வேண்டும். அவற்றின் நெடி சிறுநீரின் வாடையை ஒத்திருக்கும்.

நன்கு பழகிய நாய் திடீரென்று வீட்டிற்குள் சிறுநீர் கழித்தால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீர்ப்பாதைத் தொற்று, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, முதுமை ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம். நோயுற்ற நாயைத் திட்டுவது எவ்வளவு பெரிய அநீதி!

இப்பயிற்சி சில வாரங்களோ சில மாதங்களோ நீடிக்கலாம். காலையில் யார், பள்ளி முடிந்ததும் யார், இரவில் யார் என்று குடும்பத்தினர் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டால் வேலை எளிதாகும். வெளியே செல்லும்போது கழிவை அள்ள ஒரு பை எடுத்துச் செல்வதும் அப்பொறுப்பில் அடங்கும். இன்றும் தரை நனைந்திருந்தால், "ஏன் செய்தாய்?" என்று நாயைக் கேட்பதைவிட, "கடைசியாக எப்போது வெளியே அழைத்துச் சென்றோம்?" என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அதற்கான விடையை வைத்து நாளைய நேரத்தை மாற்றி அமைப்போம்.

சிந்தித்து விடையளிக்க

1. நாயின் 'குற்றவாளிப் பார்வை' குறித்து 2009ஆம் ஆண்டு ஆய்வு உணர்த்தும் உண்மை யாது?
2. தாமதமாகக் கொடுக்கப்படும் பரிசு ஏன் பயன் தருவதில்லை?
3. தண்டனையால் நாய் கற்றுக்கொள்வதும் நாம் கற்பிக்க விரும்புவதும் எவ்வாறு வேறுபடுகின்றன? குழுவில் கலந்துரையாடுக.