நிக்கோட்டினும் புற்றுநோயும்: தெளிவு பெற வேண்டிய ஐந்து எண்ணங்கள்

நம் பினாங்கு மாநிலத்தின் பெயரே பாக்கு மரத்தினால் வந்தது. மலாய் மொழியில் 'பினாங்' என்றால் பாக்கு. மாநிலக் கொடியின் நடுவிலும் அம்மரமே நிமிர்ந்து நிற்கின்றது. திருமணமாயினும் திருவிழாவாயினும் வெற்றிலைத் தட்டு இன்றி நம்மவர் எதனையும் தொடங்குவதில்லை. விடியுமுன் மரம் சீவப் புறப்படும் பெண்கள் மடியில் வெற்றிலைப் பையைச் செருகிக்கொள்வதும், ஆண்கள் வெண்சுருட்டைப் பற்றவைப்பதும் தோட்டங்களில் நெடுநாளைய வழக்கம். இவ்வழக்கங்களைப் பற்றிச் சில தவறான எண்ணங்கள் நம்மிடையே வேரூன்றியுள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதல் எண்ணம்: "புற்றுநோயை உண்டாக்குவது நிக்கோட்டின்தான்."

இது சரியன்று. புகையிலையில் இயற்கையாகவே உள்ள நிக்கோட்டின், புகையை உள்ளிழுத்த சில விநாடிகளிலேயே மூளையை எட்டி, மனத்தை அடிமைப்படுத்துகின்றது. ஆனால் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதனைச் சேர்க்கவில்லை. வெண்சுருட்டின் புகையில் ஏறக்குறைய 7,000 இரசாயனங்கள் உள்ளன. அவற்றுள் சுமார் 70 பொருள்கள் புற்றுநோயை உண்டாக்க வல்லவை. மனிதனைக் கம்பத்தில் கட்டும் கயிறு நிக்கோட்டின். அவனை வெட்டும் கத்தியோ புகையிலுள்ள மற்ற நஞ்சுகள்.

இவ்வேறுபாட்டை அறிவதால் என்ன பயன்? புகைப்பதை நிறுத்த விரும்புவோருக்கு மருத்துவர்கள் நிக்கோட்டின் கலந்த மெல்லும் பசையையும் தோலில் ஒட்டும் பட்டையையும் தருவதுண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் இவற்றை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. "இதிலும் நிக்கோட்டின் இருக்கிறதே, புற்று வருமே" என அஞ்சி மருந்தை மறுத்து, மீண்டும் வெண்சுருட்டையே நாடுபவர் கயிற்றுக்குப் பயந்து கத்தியிடம் செல்பவராவார்.

எனினும், நிக்கோட்டின் தீங்கற்றது எனக் கொள்ளலாகாது. அது இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டும். கருவுற்ற தாய்க்கும் இளம் பிள்ளைகளுக்கும் ஆகாது. மின்சிகரெட்டில் ஊற்றும் நிக்கோட்டின் திரவத்தைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து நேரும்.

இரண்டாம் எண்ணம்: "நிக்கோட்டின் குறைந்த வெண்சுருட்டைப் பிடித்தால் புற்றுநோய் வராது."

முன்னாளில் 'லைட்', 'மைல்ட்' என்ற பெயர்களில் வெண்சுருட்டுகள் விற்கப்பட்டன. அவற்றைப் பிடித்தோர் குறைந்த நிக்கோட்டினை ஈடுசெய்ய இன்னும் ஆழமாகப் புகையை இழுத்தனர். ஆகவே, அவர்களுக்கு ஆபத்து குறையவில்லை. ரப்பர்த் தாள்களைப் புகைக்கூடத்தில் தொங்கவிட்டவர்கள் நாம். வெண்மையாகச் சென்ற தாள் சில நாள்களில் பழுப்பேறி வெளிவருவதைக் கண்டிருக்கிறோம். நுரையீரலிலும் புகை தன் கழிவை இவ்வாறே படியவிடுகின்றது.

மூன்றாம் எண்ணம்: "புகை இல்லையேல் தீங்கும் இல்லை."

வாயில் அடக்கும் புகையிலையில் புகை இல்லை என்பது உண்மையே. ஆயினும், இலையைப் பதப்படுத்தும்போதே புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமின் என்னும் பொருள்கள் அதில் உருவாகிவிடுகின்றன. கன்னத்தின் உட்புறத்தில் மணிக்கணக்கில் அடக்கி வைப்பதால் அவ்விடத்துத் தசை நாளடைவில் கெடுகின்றது.

நான்காம் எண்ணம்: "புகையிலை சேர்க்காத வெற்றிலை நல்லது."

நம் தாய்மார்கள் பலரும் நம்புவது இதுவே. ஆனால் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ஆம் ஆண்டில் அறிவித்தது. பாக்கில் நிக்கோட்டின் இல்லை; அதிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் வேறு. பாக்கை நெடுநாள் மெல்வோரின் வாய்த்தசை இறுகி, வாயை நன்கு திறக்க இயலாமற் போவதுண்டு. அது பின்னர்ப் புற்றாகவும் மாறக்கூடும். மலேசியாவில் வாய்ப்புற்று இந்திய சமூகத்தினரிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, மிகுதியாகக் காணப்படுவதற்கு வெற்றிலை பாக்குப் பழக்கமே முக்கிய காரணமாகும்.

ஐந்தாம் எண்ணம்: "இத்தனை ஆண்டுகள் ஆனபின் நிறுத்தி என்ன பயன்?"

பயன் உண்டு. புகைப்பதை நிறுத்திய ஓராண்டில் இதய நோயின் கூடுதல் ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைகின்றது. பத்தாண்டுகளில் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்தும், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட, ஏறக்குறையப் பாதியாகின்றது. முதல் சில வாரங்களில் எரிச்சலும் உறக்கமின்மையும் தோன்றலாம். அவை கயிறு அறுபடுவதன் அடையாளங்களேயன்றி நோயல்ல. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் இதற்கான ஆலோசனையும் உதவியும் கிடைக்கின்றன.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வெற்றிலை மெல்வோரும் புகைப்போரும் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று, நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடிப்புறம் ஆகியவற்றை விடாமல் நோக்க வேண்டும். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத புண், கழுத்தில் கட்டி ஆகியவற்றுள் எதனைக் கண்டாலும் உடனே பல் மருத்துவரை அணுகுதல் வேண்டும். தொடக்கத்திலேயே கண்டறியப்படும் வாய்ப்புற்றைக் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி. வலிக்கவில்லை என்று காத்திருப்பதே பெருந்தவறு. தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை.

தாம்பூலம் நம் மரபின் அடையாளம். அது தட்டில் இருந்து மங்கலம் தரட்டும். வாயில் தங்கி நோய் தர வேண்டாம்.