மெய்விவாகப் பாடம்: வீட்டுச் சண்டையும் இகழ்ச்சியும்



புருஷனும் பெண்சாதியும் வாக்குவாதம் செய்தால் அந்தக் குடும்பம் கெட்டுப்போயிற்று என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இதை அளந்து பார்த்தவர்கள் சொல்வது வேறு. கலியாணம் ஆகாத சாமியார் பேச்சைவிட அவர்கள் பேச்சு உங்களுக்கு நம்பத்தக்கதாயிருக்கும்.

அமெரிக்காவில் ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற இரு மனநூல் பேராசிரியர்கள், 1980-களில் தம்பதிகளை உட்காரவைத்து, தங்களுக்குள் தீராத ஒரு விஷயத்தைக் கால்மணி நேரம் பேசச் சொன்னார்கள். முகக்குறிகளைப் படம்பிடித்தார்கள், நாடித்துடிப்பையும் வியர்வையையும் அளந்தார்கள். சில வருஷங்கள் கழித்து, சேர்ந்திருப்பவர் யார், பிரிந்தவர் யார் என்று விசாரித்தார்கள்.

நிலைத்த தம்பதிகளும் சண்டையிட்டவர்களே. ஆனால் அவர்கள் பேச்சில் ஒரு கடுமைக்கு ஐந்து நல்ல குறிகள் கலந்திருந்தன: ஒரு சிரிப்பு, ஒரு தலையசைப்பு, "நீ சொல்வதும் மெய்தான்" என்ற ஒரு வார்த்தை. பிரிவுக்கு இழுத்துச் செல்லும் பழக்கங்கள் நான்கு என்றார் காட்மன். குணத்தையே பழிப்பது, இகழ்வது, தன்மேல் குற்றமே இல்லையென்று சாதிப்பது, வாய்மூடி முகத்தைத் திருப்பிக்கொள்வது.

இவற்றில் கொடியது இகழ்ச்சி. "சம்பளப் பணத்தை ஏன் இன்னும் கொடுக்கவில்லை?" என்பது முறையீடு. "உங்கள் குலமே இப்படித்தான்" என்பது இகழ்ச்சி. உதட்டைப் பிதுக்குவதும், மோவாயைத் தோளில் இடித்துக்கொள்வதும், மனைவி பேசியதைப் பிள்ளைகள் முன் பழித்துக் காட்டுவதும் இதில் சேரும். கோபக்காரன் தன் மனைவியைச் சமமாக வைத்துத்தான் சண்டையிடுகிறான். இகழ்பவனோ அவளைக் காலின்கீழ் வைத்துப் பேசுகிறான்.

கால்மணி நேரம் பார்த்தாலே இன்னார் பிரிவார் என்று சொல்லிவிடலாம் என்று பத்திரிகைகள் எழுதின. அது மிகை. முடிவு தெரிந்தபின் பொருத்திப் பார்த்த கணக்கு என்று வேறு அறிஞர்கள் அதைக் கண்டித்திருக்கிறார்கள்.

இன்னொன்று உபயோகமானது. நாடி நிமிஷத்துக்கு 100-க்கு மேல் ஓடும்போது, சொல்வது காதில் விழும், புத்தியில் ஏறாது. குறைந்தது 20 நிமிஷம் விலகியிருக்கச் சொல்கிறார் காட்மன். விலகுகிறவர், "ராச் சாப்பாட்டுக்குப்பின் பேசுவோம்" என்று நேரம் குறித்துவிட்டுப் போகவேண்டும். குறிக்காமல் போனால் அது முகத்தைத் திருப்பிக்கொள்வதே. கோபத்தோடே பொழுது சாயவிடாதிருக்க எபேசியருக்கு எழுதிய அர்ச். சின்னப்பர், நடுச்சாமம் வரை வழக்காடச் சொல்லவில்லை.

அடி உதை நடக்கும் வீட்டுக்கு இந்தப் பாடம் பொருந்தாது. பொறுமை என்ற பெயரால் அடிவாங்கிக்கொண்டிருக்கத் திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலும் மனதிலும் பெரும் ஆபத்து உண்டானால், மெய்விவாகக் கட்டு அறாமலே பிரிந்து வாழ 1983-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம் 1153-ஆம் பிரிவில் இடம் தருகிறது. மேற்றிராணியாரின் தீர்ப்பு வேண்டும். தாமதிப்பது ஆபத்தானால் அதற்குமுன்பே விலகலாம். அப்பேர்ப்பட்டவர்கள் எந்த நேரமானாலும் அறைவீட்டுக் கதவைத் தட்டலாம்.