அம்மாவின் சோடியம்

கித்தா எனும் ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது விடியலில்தான். இரவெல்லாம் வேர் இழுத்த நீரால் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் விம்மியிருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அந்த அழுத்தம் இறங்கும், வடிவதும் குறையும். 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட கன்றுகளுக்குப் பின் பேராக் முழுக்கப் பரவிய தோட்டங்களில், தொழிலாளர்கள் இருட்டோடு இருட்டாகப் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு ஓடியதன் காரணம் இதுதான்.

சுங்கை சிப்புட் பக்கத்தில் பால் வெட்டிய என் அம்மாவுக்கு மரத்தின் நீர்க்கணக்கு மனப்பாடம். மனித உடம்புக்கும் அப்படியொரு கணக்கு உண்டு என்பது, அவருக்கு எழுபது வயது கடந்தபின் ஈப்போவில் ஒரு மருத்துவமனை வார்டில்தான் எங்கள் குடும்பத்துக்குப் புரிந்தது.

அந்தக் காலத்தில் விடியுமுன் ஒரு குவளை கோப்பி ஓ. பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி ஸ்டோருக்குச் சுமக்கும்வரை, பெண்கள் தண்ணீரை அதிகம் தொட மாட்டார்கள். நிரையில் ஒதுங்குவதற்கு மறைவிடம் கிடையாது. அட்டைக்கும் பாம்புக்கும் பயம், மேற்பார்வையிடும் தண்டலின் கண்ணுக்கும் பயம். தாகத்தை அடக்கியே பழகிவிட்டார்கள். நெற்றி வியர்வை கண்ணில் இறங்க மரத்துக்கு மரம் நடந்த அந்தப் பெண்கள் சுருண்டு விழாமல் தாக்குப்பிடித்ததில் பெரும் பங்கு ஒரு சின்னஞ்சிறு ஹார்மோனுக்கு உண்டு.

வியர்வையில் உப்பைவிட நீரே அதிகம் போகிறது. அதனால் ரத்தம் சற்றே அடர்த்தியாகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், இந்த அடர்த்தி ஒன்றிரண்டு விழுக்காடு கூடினாலே கண்டுகொள்ளும். உடனே பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து ஏடிஎச் என்னும் வாசோபிரஸ்ஸின் ரத்தத்தில் கலக்கும். ஒன்பதே அமினோ அமிலங்களால் ஆன மூலக்கூறு அது.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டுகின்றன. ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் வெளியே போகிறது. பெரும்பகுதி ஏடிஎச் இல்லாமலே ரத்தத்துக்குத் திரும்பிவிடும். கடைசிக் கட்டத்தில், சேகரிப்பு நாளங்களில் மிச்சமிருப்பதை என்ன செய்வது என்பதை இந்த ஹார்மோன்தான் முடிவு செய்யும். அது வந்து தொட்டதும் அக்குவாபோரின்-2 என்ற நுண்ணிய நீர்வழிகள் செல்லின் சவ்வில் வந்து பொருந்தும். வயலில் மடை திறந்தது போல நீர் ரத்தத்துக்குத் திரும்பும், சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகும். ஹார்மோன் வற்றினால் அந்த வழிகள் சவ்விலிருந்து விலகிவிடும், சிறுநீர் தெளிந்து பெருகும். செல்களில் இப்படிப்பட்ட நீர்வழிகள் இருப்பதைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ரே 2003இல் வேதியியல் நோபல் பெற்றார்.

ஈப்போவின் புந்தோங்கில் உப்பும் காரமுமாய் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே வாங்கித் தின்றுவிட்டுத் தண்ணீர் தேடாதவர் உண்டா? அந்தத் தாகத்தோடு கூடவே ஏடிஎச்சும் கூடுகிறது. மது இதற்கு நேர் எதிர், ஏடிஎச் சுரப்பதையே தடுக்கும். காலையெல்லாம் வியர்த்துவிட்டுப் பிற்பகலில் தோட்டத்துக் கள்ளுக்கடையில் உட்கார்ந்தவர்களுக்கு, உடம்பு நீரைப் பிடித்துவைக்க வேண்டிய நேரத்தில் அது சிறுநீராய்ப் போயிற்று. களைப்புக்கு மருந்து என்று நம்பிக் குடித்த கள், அந்த உடல்கள் நீரைப் பிடித்துவைப்பதைக் கெடுத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். ரத்த அழுத்தத்துக்குத் தயாசைட் வகை மாத்திரை புதிதாகத் தொடங்கியிருந்தது. அந்தச் சமயம் பார்த்து, தினமும் மூன்று லிட்டர் குடித்தால் சிறுநீரகம் சுத்தமாகும் என்று யாரோ சொல்ல, அவரும் போத்தல் போத்தலாகக் குடித்தார். சில வாரங்களில் குமட்டல், தள்ளாட்டம். ஒருநாள் சொந்த வீட்டிலேயே அடுப்படி எந்தப் பக்கம் என்று கேட்டார். மறதி நோய் வந்துவிட்டது என்றே உறவினர்கள் முடிவு கட்டினார்கள். ரத்தம் பார்த்ததில், 135க்குக் குறையக் கூடாத சோடியம் 120க்கும் கீழே.

வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கும். கூடுதல் நீரை வெளியேற்றும் திறனும் குறையும். தயாசைட் மாத்திரை அதை இன்னும் குறைக்கும். உள்ளே நீர் தேங்க, உப்பின் அடர்த்தி இறங்கி மூளைச் செல்கள் வீங்குகின்றன. மருத்துவர்கள் மாத்திரையை மாற்றினார்கள், தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். நிறையக் குடிக்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்து நின்ற எங்களுக்கு அது பேரதிர்ச்சி. சோடியத்தையும் மெதுவாகத்தான் ஏற்றினார்கள். அவசரப்பட்டால் மூளை நரம்புகள் சேதமாகுமாம். சில நாளில் அம்மா பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்தார்.

இது முதியவர்களுக்கு மட்டும் வருவதல்ல. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஆராயப்பட்ட 488 ஓட்டக்காரர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வழியில் அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம். நிமோனியா, சில நுரையீரல் புற்றுநோய்கள், சில மனச்சோர்வு மருந்துகள் ஆகியவற்றாலும் ஏடிஎச் தேவையின்றிச் சுரக்கலாம். மறுபக்கம், ஏடிஎச் சுரக்காமலோ சிறுநீரகம் அதற்குச் செவிசாய்க்காமலோ போனால் நாளுக்குப் பத்து லிட்டருக்கும் மேல் சிறுநீர் போகக்கூடும். சர்க்கரை அளவு சரியாக இருந்தும் ஓயாத தாகமும் குடம் குடமாய்ச் சிறுநீருமாக இருப்பவர், இதைச் சொல்லி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

எட்டு டம்ளர், மூன்று லிட்டர் என்று எல்லோருக்கும் ஒரே அளவு சொல்வதை நான் இப்போது ஏற்பதில்லை. காலையில் போகும் முதல் சிறுநீர் அடர்ந்திருப்பது இயல்பு. பகலிலும் அப்படியே இருந்தால் குடிக்க வேண்டும், தாகம் இல்லாமலே குடித்து எந்நேரமும் நிறமற்றுப் போனால் குறைக்கலாம். வெயிலில் மணிக்கணக்கில் வியர்த்தவருக்கு வெறும் தண்ணீரைவிட உப்பிட்ட கஞ்சித் தண்ணீரோ ஓஆர்எஸ் கரைசலோ மேல். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர் சொன்ன அளவே அளவு.

வீட்டுப் பெரியவருக்குப் புதிய மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் குமட்டலோ தடுமாற்றமோ குழப்பமோ வந்தால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். கிளினிக்கில் ரத்தம் எடுக்கச் சொல்லி, தாளில் சோடியம் என்ற வரியைப் பாருங்கள். அது 135க்கும் 145க்கும் இடையில் இருக்க வேண்டும்.