4 கேட்டால் அரைகுறை 5 வருகிறதே!
ஏழு கோட்டுத் திரை வழியே இருநிலை எண்கள்

இருநிலை எண்களைப் பதின்ம எண்களாக மாற்றும் கணக்கை மாணவர்கள் பிழையின்றிச் செய்துவிடுகிறார்கள். "இது எதுக்கு சார்?" என்று கேட்டால்தான் நமக்குச் சங்கடம். மின்தூக்கியிலும் எடை இயந்திரத்திலும் எண்களைக் காட்டும் ஏழு கோட்டுத் திரை இதற்கு நல்ல விடை. எங்கள் பள்ளியில் 9 முதல் 11ஆம் வகுப்பு வரை மாணவர்களுடன் இதைச் செய்துவருகிறேன்.

தேவையான பொருள்கள்: ஆர்டுயினோ பலகை, 74எச்சி595 என்னும் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சிப், பொது எதிர்மின்வாய் வகைத் திரை ஒன்று, 470 ஓம் மின்தடை எட்டு, பிரெட்போர்டு, இணைப்புக் கம்பிகள்.

எட்டுப் பேர் வரிசை

கருவியைத் தொடும் முன் ஒரு விளையாட்டு. எட்டு மாணவர்களை வரிசையாக நிறுத்துங்கள். முதல் மாணவரிடம் 0 அல்லது 1 எழுதிய அட்டையைக் கொடுங்கள். ஒவ்வொரு கைத்தட்டலுக்கும் எல்லோரும் தம் அட்டையை அடுத்தவருக்குத் தள்ள, முதல்வர் புது அட்டையைப் பெறுவார். எட்டுத் தட்டல் முடிந்ததும் விசில். அப்போதுதான் அட்டையை உயர்த்திக் காட்ட வேண்டும்.

சிப்பும் இதையே செய்கிறது. அட்டை வருவது தரவு ஊசி, கைத்தட்டல் கடிகார ஊசி, விசில் லாட்ச் ஊசி. மூன்று கம்பிகளில் எட்டு விளக்குகள் இயங்குவது இப்படித்தான். முதலில் கொடுத்த அட்டை கடைசி மாணவரிடம் போய்ச் சேர்வதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதனால்தான் 128-இன் இடத்திலுள்ள பிட்டை முதலில் அனுப்புகிறோம்.

எந்தக் கோடு, எந்த பிட்?

திரையின் மேல்கோடு ஏ. அங்கிருந்து கடிகாரச் சுற்றில் பி, சி, டி, இ, எஃப், நடுக்கோடு ஜி, எட்டாவது புள்ளி. இணையத்தில் கிடைக்கும் எண்பட்டியல்களில் பல, ஏ பிட் 0-இலும் ஜி பிட் 6-இலும் இருப்பதாகக் கொண்டவை. அதன்படி 4-க்கு பி, எஃப், ஜி, சி எரிய வேண்டும்: 2 + 32 + 64 + 4 = 102.

ஆனால் திரையின் ஊசிகள் அந்த வரிசையில் இல்லை. பரவலாகக் கிடைக்கும் 10 ஊசித் திரையில் பொது ஊசிகளான 3, 8 ஆகியவற்றை விட்டுவிட்டு, மற்றவற்றை எண் வரிசைப்படி பிட் 0 முதல் 7 வரை இணைத்தால் கிடைப்பது இது:

இ – 1, டி – 2, சி – 4, புள்ளி – 8, பி – 16, ஏ – 32, எஃப் – 64, ஜி – 128

இந்த இணைப்புக்கு 102 அனுப்பினால் டி, சி, ஏ, எஃப் எரியும். 4-க்குப் பதிலாக நடுக்கோடு இல்லாத 5! இந்த இடத்தில்தான் பல மாணவர்கள் "சிப் கெட்டுப்போச்சு" என்கிறார்கள். சிலர் "எனக்கு இதெல்லாம் வராது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சிப்பும் சரி, நிரலும் சரி. பட்டியல்தான் வேறொருவர் இணைப்புக்கு உரியது.

ஒற்றை பிட் சோதனை

எனவே ஆயத்தப் பட்டியலை மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். 1, 2, 4, 8, 16, 32, 64, 128 ஆகியவற்றை ஒவ்வொன்றாக அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் எது எரிகிறது என்று குறிப்பேட்டில் எழுதட்டும். கம்பியை எப்படி இணைத்திருந்தாலும் சரியான அட்டவணை கிடைத்துவிடும். பிறகு கூட்டல்தான்: 4-க்கு 16 + 4 + 64 + 128 = 212; 1-க்கு 16 + 4 = 20; 7-க்கு 32 + 16 + 4 = 52.

சி மொழியில் இதை இரண்டு படிகளாக எழுதச் சொல்கிறேன். முதலில் கோட்டுக்கு ஒரு மாறிலி: பி என்றால் 1 << 4, ஜி என்றால் 1 << 7. அடுத்து, 0 முதல் 9 வரை பத்து உறுப்புகள் கொண்ட அணி. 4-க்கான உறுப்பு, பி | சி | எஃப் | ஜி. கம்பி மாறினால் மாறிலிகளைத் திருத்தினால் போதும், அணியைத் தொட வேண்டியதில்லை. 11ஆம் வகுப்பில் படிக்கும் பிட்நிலைச் செயற்குறிகளுக்கும் இங்கே வேலை கிடைக்கிறது. பொது நேர்மின்வாய்த் திரை என்றால் 255-இலிருந்து கழிக்க வேண்டும்: 255 – 212 = 43. அதாவது, ஒவ்வொரு பிட்டும் தலைகீழாகிறது.

ஒரு கவனம்

இந்தச் சிப் வழியாகச் செல்லும் மொத்த மின்னோட்டம் 70 மில்லிஆம்பியரைத் தாண்டக் கூடாது. 5 வோல்ட்டில் சிவப்பு விளக்குக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போக, 470 ஓம் வழியே கோட்டுக்கு 6 மில்லிஆம்பியர் அளவே செல்லும். எட்டும் எரிந்தாலும் 51-தான். 220 ஓம் போட்டால் 8-ஐக் காட்டும்போதே 95 ஆகிவிடும். ஓம் விதிக்கு இதைவிட நல்ல கணக்கு வேண்டுமா?

மதிப்பிட ஒரு வழி: இரு குழுக்களின் திரைகளை மாற்றிக் கொடுத்து, கம்பியைத் தொடாமல் நிரலை மட்டும் திருத்தி 0 முதல் 9 வரை ஓட்டச் சொல்லுங்கள். ஒற்றை பிட் சோதனையில் தொடங்கும் குழுவுக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்.