வண்டியின் பின்னே வெளிச்சம்

கர்நாடகத்தில் கோலார் மாவட்டம் இருக்கிறது. அங்கே தக்காளி நிறைய விளைகிறது. கோலார் சந்தையிலிருந்து தக்காளி பல ஊர்களுக்குப் போகிறது. பக்கத்தில் உள்ள பெங்களூருக்கும் போகிறது.

ஓர் இளைஞர் பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். காலையில் கோலாரில் தக்காளி ஏற்றுவார். மாலையில் பெங்களூரில் தெரு ஓரமாக வண்டியை நிறுத்துவார். பின்பலகையைத் திறப்பார். அதுதான் அவருடைய கடை.

இருட்டியதும் விளக்கு வேண்டும். மின் தராசுக்கும் செல்போனுக்கும் சார்ஜ் வேண்டும். வண்டியின் பின்பக்கம் எப்போதும் மின்சாரம் இருந்தால் நல்லது என்று நினைத்தார். வண்டிகளுக்கு மின்வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் போனார்.

“அண்ணே, டெயில் லைட் ஒயரில் இன்னொரு ஒயரை முறுக்கி விளக்குப் போட்டுவிடலாமா? செலவு குறையுமே” என்று கேட்டார்.

“வேண்டாம் தம்பி. அந்த ஒயர் மெல்லியது. டெயில் லைட்டுக்கு மட்டும் போதுமானது. அதிக மின்சாரம் இழுத்தால் ஒயர் சூடாகும். பியூஸ் போய்விடும். அப்போது டெயில் லைட்டும் அணையும். நீ ராத்திரி நெடுஞ்சாலையில் போவாய். பின்னால் வரும் லாரிக்காரருக்கு உன் வண்டி தெரியாது. என்ன ஆகும்?”

இளைஞர் பேசவில்லை.

“பேட்டரியிலிருந்து தனி ஒயர் கொண்டு போவோம். ஆனால் ஒன்றை மறக்காதே. வண்டிச் சாவியை அணைத்தாலும் இந்த ஒயரில் மின்சாரம் இருக்கும். வண்டி தூங்கும், இந்த ஒயர் தூங்காது. அதனால் இதற்கு ஒரு காவல்காரன் வேண்டும்.”

“காவல்காரனா?”

“ஆமாம். பியூஸ்தான் காவல்காரன்.”

பியூஸ் எங்கே இருக்க வேண்டும்?

வண்டி ஓடும்போது அதிரும். ஒயர் இரும்பில் உரசும். நாளடைவில் மேல் உறை தேயும். உள்ளே இருக்கும் செம்பு இரும்பைத் தொடும். இதைத்தான் ‘ஷார்ட்’ என்கிறோம்.

வண்டி பேட்டரி 12 வோல்ட்தான். தொட்டால் ஷாக் அடிக்காது. அதனால் பலர் இதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். ஆனால் ஷார்ட் ஆனால் பேட்டரி ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தைத் தள்ளும். சில நொடிகளில் ஒயர் பழுக்கக் காயும். பக்கத்தில் டீசல் குழாய் இருக்கலாம். பின்னால் பிளாஸ்டிக் கூடையும் வைக்கோலும் இருக்கலாம். வண்டியே எரிந்துபோகும்.

பியூஸ் இருந்தால் அதில் உள்ள மெல்லிய கம்பி முதலில் உருகும். மின்சாரம் நின்றுவிடும். ஒயர் தப்பும். வண்டியும் தப்பும்.

பியூஸைப் பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பது நல்லது. பியூஸைப் பின்பக்கம் வைத்தால், பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் உள்ள ஒயருக்குக் காவல் இல்லை.

எத்தனை ஆம்பியர்?

விளக்கிலும் சார்ஜரிலும் ‘வாட்’ எழுதியிருக்கும். வாட் எண்களைக் கூட்டுங்கள். 12 ஆல் வகுங்கள். வருவது ஆம்பியர்.

எல்.இ.டி. விளக்கு 2: ஒவ்வொன்றும் 12 வாட் = 24 வாட்
தராசு, போன் சார்ஜர் = 24 வாட்
மொத்தம் = 48 வாட்
48 ÷ 12 = 4 ஆம்பியர்

இதற்கு 7.5 ஆம்பியர் பியூஸ் போதும். அது பழுப்பு நிறத்தில் இருக்கும். ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயராக இருக்கட்டும். பல இழைகள் உள்ள ஒயராக வாங்குங்கள். ஒற்றைக் கம்பி அதிர்ச்சியில் ஒடிந்துவிடும். மெல்லிய ஒயரில் நீண்ட தூரம் போனால் மின்சாரம் வழியிலேயே குறையும். விளக்கு மங்கும்.

பியூஸ் போனால் அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும். செம்புக் கம்பியையோ சிகரெட் பெட்டித் தாளையோ வைக்காதீர்கள். அது காவல்காரனைக் கட்டிப்போடுவதற்குச் சமம். மறுபடியும் பியூஸ் போனால் எங்கோ கோளாறு இருக்கிறது. அதைத் தேடுங்கள்.

பெரியவர் செய்த வேலை

1. பேட்டரி 12 வோல்ட்தானா என்று பார்த்தார். பெரிய லாரிகளில் 24 வோல்ட் இருக்கும்.

2. பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றினார். பிளஸ் முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் வண்டியின் இரும்பைத் தொடும்போது பெரிய பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும். அதனால் பக்கத்தில் பீடியும் நெருப்பும் கூடாது.

3. சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர் இரண்டையும் வளையும் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டார். சேசிஸ் ஓரமாகப் பின்பக்கம் கொண்டு போனார். சைலன்சர், டீசல் குழாய், பிரேக் குழாய், சுழலும் பாகங்கள் ஆகியவற்றிலிருந்து விலக்கி, இடைவெளி விட்டுக் கட்டினார்.

4. இரும்புத் தகட்டில் ஓட்டை வழியாக ஒயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போட்டார்.

5. பின்பக்கம் மழை படாத இடத்தில் சுவிட்சும் மூடியுள்ள சாக்கெட்டும் வைத்தார்.

6. சிவப்பு ஒயரைப் பியூஸ் வழியாகப் பிளஸ் முனையில் இணைத்தார். அப்போது பியூஸ் உள்ளே இல்லை. கறுப்பு ஒயரை, பேட்டரியின் மைனஸ் ஒயர் வண்டியின் உடம்பில் சேரும் இடத்தில் முடுக்கினார். பிறகு மைனஸ் முனையை மாட்டினார். கடைசியாகப் பியூஸைச் செருகினார்.

விளக்கு எரிந்தது.

“தம்பி, வண்டி ஓடும்போது இந்த விளக்கை அணைத்துவிடு. வெள்ளை வெளிச்சம் பின்னால் வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்” என்றார் பெரியவர்.

காலையில் வண்டி கிளம்புமா?

“அண்ணே, ராத்திரி முழுவதும் விளக்கு எரியலாமா?” என்று இளைஞர் கேட்டார்.

பெரியவர் பேட்டரியைக் காட்டினார். அதில் 60 என்று எழுதியிருந்தது. அதாவது 60 ஆம்பியர்-மணி.

“மாலை 5 மணி நேரம் கடை நடத்துகிறாய். 4 ஆம்பியர் வீதம் 20 செலவு. விளக்கு மட்டும் 2 ஆம்பியர். அதை மறந்து 10 மணி நேரம் விட்டால் இன்னும் 20 செலவு. மொத்தம் 40 போயிற்று. மீதி 20 தான். காலையில் வண்டி கிளம்புவது கஷ்டம். சந்தை போயிற்று. அன்றைய வருமானமும் போயிற்று.”

வண்டி பேட்டரியில் பாதிக்கு மேல் செலவு செய்யாமல் இருப்பது நல்லது. அடிக்கடி முழுதாக இறங்கினால் பேட்டரி சீக்கிரம் கெட்டுப்போகும். பழைய பேட்டரியில் எழுதியுள்ள அளவு இருக்காது. அதனால் கடை முடிந்ததும் சுவிட்சை அணையுங்கள். சிறிய வோல்ட் மீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முழு சார்ஜ் உள்ள பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 காட்டினால் ஏறக்குறைய பாதி தீர்ந்துவிட்டது. விளக்கை அணைத்துவிடுங்கள். வோல்ட் குறைந்தால் தானே துண்டிக்கும் கருவியும் கடைகளில் கிடைக்கிறது.

வண்டி புதிதாக இருந்தால், ஒயர் வேலைக்கு முன் விற்பனை நிலையத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால் வாரண்டி கிடைக்காமல் போகலாம். வேலை தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று, “பியூஸ் எங்கே வைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. டெயில் லைட் ஒயரில் வேறு விளக்கை ஏன் இணைக்கக் கூடாது?
2. பியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்தில் ஏன் வைக்க வேண்டும்?
3. எந்த முனையை முதலில் கழற்ற வேண்டும்? ஏன்?

கணக்குப் போடுங்கள்

1. 36 வாட் விளக்கு 12 வோல்ட் பேட்டரியில் எத்தனை ஆம்பியர் இழுக்கும்?
2. அந்த விளக்கு 6 மணி நேரம் எரிந்தால் எத்தனை ஆம்பியர்-மணி செலவாகும்?
3. உங்கள் பேட்டரி 40 ஆம்பியர்-மணி. மேலே சொன்ன செலவு அதில் பாதிக்குள் அடங்குமா?

(விடை: 3 ஆம்பியர், 18 ஆம்பியர்-மணி, அடங்கும்.)

செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் பின்பக்கம் விளக்குப் போட்ட வண்டி இருக்கிறதா? அதன் பியூஸ் எங்கே இருக்கிறது என்று வண்டிக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் இந்தப் பாடத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.