கேமராப் பையில் தங்கிவிட்ட பழைய உண்மைகள்

கல்யாண மண்டபத்தில் படம் எடுக்க வந்தவர்கள் நாலு பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்தால், பேச்சு பாடியிலும் லென்ஸிலும்தான் போய் நிற்கும். அங்கே அடிபடும் கருத்துகளில் பெரும்பாலானவை வெறும் கட்டுக்கதை அல்ல. ஒரு காலத்தில் அவை உண்மை. ஃபிலிமுக்கோ டிஜிட்டலின் ஆரம்ப நாட்களுக்கோ பொருந்திய பாடம், கருவி மாறிய பிறகும் குரு வாயிலிருந்து சீடன் காதுக்கு அப்படியே போய்க்கொண்டிருக்கிறது. தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் அதை நம்பிக் கடன் வாங்கிச் செலவு செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

மெகாபிக்சல் கூடினால் படம் தெளிவாகும் என்ற நம்பிக்கையைப் பாருங்கள். 1999-இல் வந்த நிக்கான் டி1-இல் இருந்தது வெறும் 2.7 மெகாபிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் ஏழு அங்குல அகலம்கூடத் தேறாது. அன்றைக்கு ஒவ்வொரு மெகாபிக்சலும் முக்கியம். இன்று 24 மெகாபிக்சல் படம் 6000-க்கு 4000 புள்ளி. அதே கணக்கில் 20 அங்குல அகலத்துக்கு அச்சிடலாம். நம் கல்யாண ஆல்பத்தின் ஒரு பக்கமோ 12-க்கு 18 அங்குலம். 45 மெகாபிக்சல் பாடிக்கு மாறினால் தெளிவு இரட்டிப்பாகும் என்பதும் தப்புக் கணக்கு. அகலத்தில் கூடுவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். விளம்பரப் படம் எடுப்பவருக்கும், தூரத்துப் பறவையை வெட்டிப் பெரிதாக்குபவருக்கும் அது உதவும். மண்டப வேலைக்கு அந்தப் பணத்தில் நல்ல லென்ஸ் ஒன்று வாங்கலாம்.

ஆனால் படங்களை உண்மையிலேயே கெடுக்கும் நம்பிக்கை வேறு: “ஐ.எஸ்.ஓ. 1600-ஐத் தாண்டவே கூடாது.” 800 வேக கலர் ஃபிலிமிலேயே கிரெய்ன் கண்ணில் குத்தியது, முதல் தலைமுறை டிஜிட்டல் கேமராக்களும் 1600-இல் திணறின. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. 2007-இல் வந்த நிக்கான் டி3-லேயே 6400 சாதாரண வரம்புக்குள் வந்துவிட்டது. புள்ளி புள்ளியாக நாய்ஸ் விழ முதல் காரணம் சென்சாருக்குப் போதிய ஒளி வராததே, ஐ.எஸ்.ஓ. எண் அல்ல. எண்ணைக் குறைத்து இருட்டாக எடுத்து, பிறகு எடிட்டிங்கில் வெளிச்சத்தைத் தூக்கினாலும் நாய்ஸ் குறையாது. பல கேமராக்களில் நிழல் பகுதியில் இன்னும் மோசமாகத்தான் வரும்.

தாலி கட்டும் நிமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேளம் கெட்டியாக முழங்குகிறது, அட்சதை பறக்கிறது, மாப்பிள்ளை குனிந்து முடிச்சுப் போடுகிறார். 1600-இல் நிற்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் ஷட்டர் வேகம் 1/60-க்கு இறங்கும். விரல்கள் இழுபட்டுப் போகும். அரிசி கோடு கோடாக விழும். அதே ஒளியில் 6400-க்குப் போனால் 1/250 கிடைக்கும். மஞ்சள் கயிற்றின் முறுக்கும், அதில் அழுந்தியிருக்கும் நகமும் தெரியும். கிரெய்ன் கொஞ்சம் இருக்கும். மென்பொருளில் குறைத்துவிடலாம், அச்சில் இன்னும் அடங்கிவிடும். ஷேக் ஆன விரலை எந்த மென்பொருளும் நம்பும்படி மீட்டுத் தராது.

ஐ.எஸ்.ஓ.-வை ஏற்றுவதற்குப் பதிலாகப் பாடியிலேயே இருக்கும் ஸ்டெபிலைசரை நம்புவோரும் உண்டு. அது நம் கை நடுக்கத்தை மட்டும்தான் அடக்கும். 1/15-இல் மண்டபத்தின் தூண்கள் அசையாமல் நிற்கும். மேடையில் ஆடும் பெண் கலங்கித்தான் தெரிவாள்.

லென்ஸ் வாங்கியவுடன் யு.வி. ஃபில்டரை மாட்டுவது இன்னொரு வழக்கம். ஃபிலிமுக்குப் புற ஊதா ஒளி ஆகாது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ தூரத்து மலைகளை எடுத்தால் நீல மங்கல் படியும். அதைத் தடுக்க வந்ததுதான் இந்தக் கண்ணாடி. டிஜிட்டல் கேமராவில் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி சென்சாரின் முகத்திலேயே இருக்கிறது. ஆகவே இப்போது ‘லென்ஸுக்குப் பாதுகாப்பு’ என்று சொல்லி விற்கிறார்கள். மலிவான ஃபில்டரை மாட்டிக்கொண்டு எரியும் குத்துவிளக்கை எடுத்துப் பாருங்கள். சுடர் இடது மேல் மூலையில் இருந்தால், வலது கீழ் மூலையில் தலைகீழாக ஒரு மங்கிய சுடர் முளைத்திருக்கும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் நின்று எடுத்தால் பெரும்பாலும் அது மறைந்துவிடும். கூட்டத்தில் இடிபடாமல் காக்க லென்ஸ் ஹுட் போதும். பக்கவாட்டு ஒளியையும் அது தடுக்கும். தனுஷ்கோடி மாதிரி உப்புக் காற்றும் மணலும் வீசும் இடத்துக்கு மட்டும் நல்ல ஃபில்டர் மாட்டிக்கொள்வது நியாயம்.

பேட்டரியைச் சுத்தமாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு. லித்தியம் அயனுக்கு அது கெடுதல். பாதியில் போடலாம்.

லென்ஸைத் தோல் பையில் வைத்து பீரோவில் பூட்டினால் பத்திரம் என்பது மட்டும் எந்தக் காலத்திலும் உண்மையாக இருந்ததில்லை. தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இருட்டும் ஈரமும் சேர்ந்தால் ஃபங்கஸ் வரும். கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் வேகமாகப் பரவும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் போதும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும்.

மெமரி கார்டு விஷயத்தில் எண்ணே ஏமாற்றும். அட்டையில் பெரிதாக 170 என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுக்கும் வேகம். கேமரா எழுதும் வேகம் அதைவிடக் குறைவாக இருக்கலாம். வீடியோ எடுப்பவர் பார்க்க வேண்டியது வி30, வி60 என்ற சிறிய குறியை. தொடர்ந்து நொடிக்கு 30 அல்லது 60 மெகாபைட் எழுதுவதற்கான உறுதி அது. 400 மெகாபிட் வீடியோவுக்கு 50 மெகாபைட் வேண்டும். வி30 தரும் உறுதி அதற்குப் போதாது.

தொழில்காரர்களின் பிடிவாதம் முழுக்கச் சரியாக இருந்த இடமும் உண்டு. 2018-இல் நிக்கான் இசட்6, இசட்7, கேனான் இ.ஓ.எஸ். ஆர் மூன்றும் ஒரே கார்டு ஸ்லாட்டோடு வந்தபோது, கல்யாணப் படம் எடுப்பவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இருக்கும் ஒரு கார்டும் பழுதானால் தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியாது என்பது அவர்கள் வாதம். 2020-இல் நிக்கானின் அடுத்த பதிப்புகள் இரண்டு ஸ்லாட்டோடு வந்தன. இருந்தும் இரண்டு ஸ்லாட் உள்ள கேமராவை வைத்துக்கொண்டு, ஒன்று நிரம்பினால் மற்றதில் பதியும்படி விட்டிருப்பவர்கள் பலர். அடுத்த முகூர்த்தத்துக்குக் கிளம்பும் முன் மெனுவைத் திறந்து, இரண்டாவது கார்டை பேக்கப்புக்கு மாற்றிவிடுங்கள்.